தாய்ப்பலகை அளவுகளின் வளர்ச்சி: ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழிற் பொருள்களின் வரலாறு எழுதப்படும்போது அவற்றை ஆக்கியோரின் பெயர்களும் அவற்றின் ஆற்றலும் பேசப்படுமளவுக்கு அவற்றின் அளவுகள் பேசப்படுவதில்லை. ஆயினும் ஒரு பொருள் எவ்வளவு காலம் பயன்படும், பழுதடைந்தால் அதைத் திருத்த முடியுமா, அதன் உறுப்பொன்றை வேறொருவர் செய்து விற்க இயலுமா என்பனவற்றைப் பல வேளைகளில் அளவுகளே தீர்மானிக்கின்றன. மேசைக் கணனியின் தாய்ப்பலகை இதற்குத் தக்க சான்றாகும்.

உதிரிப் பாகங்களை வாங்கித் தாமே கணனி ஒன்றைப் பொருத்திக்கொள்ள விழைவோர் முதலில் எதிர்நோக்கும் வினாக்களுள் ஒன்று, எந்த அளவுத் தாய்ப்பலகையைத் தெரிவது என்பதாகும். 305 × 244 மில்லிமீற்றர் அளவுடைய ஏ.ரி.எக்ஸ்., 244 × 244 மில்லிமீற்றர் அளவுடைய மைக்றோ ஏ.ரி.எக்ஸ்., 170 × 170 மில்லிமீற்றர் அளவுடைய மினி ஐ.ரி.எக்ஸ். ஆகிய மூன்றுமே இன்று கடைகளிற் பெரிதும் காணப்படுவன. இதனை வெறும் விலை பற்றிய வினாவாகவோ இடவசதி பற்றிய வினாவாகவோ கொள்வதே வழக்கம். ஆனால் இந்த மூன்று அளவுகளும் எங்கிருந்து வந்தன? இவற்றுக்குப் போட்டியாகத் தோன்றிய ஏனைய அளவுகள் ஏன் மறைந்தன? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விடை தெரிந்தால் முதலாவது வினாவுக்கான விடையும் ஓரளவு தெளிவாகும் என்பது எமது கருத்து.

அளவு என்பதன் பொருள்

தாய்ப்பலகையின் அளவு என்னும்போது அதன் நீள அகலம் மட்டும் கருதப்படுவதில்லை. பலகையைப் பெட்டியுடன் பிணைக்கும் திருகாணித் துளைகள் எங்கெங்கு அமைய வேண்டும், விரிவாக்க அட்டைகளைச் செருகும் இடங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும், பின்புறத் திறப்பு எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும், வலுவழங்கியின் செருகி எவ்வடிவினதாக இருக்க வேண்டும் என்பனவெல்லாம் அதனுள் அடங்கும். கதவுக்கும் நிலைக்கும் உள்ள தொடர்பே பலகைக்கும் பெட்டிக்கும் உள்ளது. ஒன்றின் அளவை மாற்றுபவர் மற்றொன்றையும் மாற்றக் கடமைப்பட்டவராகிறார். எனவே அளவைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் உள்ளதோ, அவரிடம் பெட்டி செய்வோரையும் அட்டை செய்வோரையும் வலுவழங்கி செய்வோரையும் ஆளும் அதிகாரமும் ஓரளவுக்கு உள்ளது எனலாம்.

ஐ.பி.எம். நிறுவனமும் ஏ.ரி. அளவும்

1981 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தனது முதலாவது தனியாள் கணனியை ஐக்கிய அமெரிக்காவில் அறிவித்தது. இன்ரெல் நிறுவனத்தின் 8088 முறைவழியாக்கியைக் கொண்டிருந்த அக்கணனியின் தாய்ப்பலகையில் ஐந்து செருகிடங்கள் இருந்தன. இன்றைய கண்ணோட்டத்தில் அவை மிகையாகத் தோன்றலாம். ஆனால் அன்று திரையில் எழுத்தைக் காட்டுவதற்கு ஓர் அட்டையும், நெகிழ்தட்டை இயக்குவதற்கு இன்னோர் அட்டையும், தொலைபேசி வழித் தொடர்புக்கு வேறோர் அட்டையும் வேண்டியிருந்தன. தாய்ப்பலகை தனித்து எதையும் செய்ய இயலாத நிலையில் செருகிடங்களே கணனியின் உயிர்நாடியாக விளங்கின.

1983 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்.ரி. என்னும் மாதிரியில் செருகிடங்கள் எட்டாக உயர்ந்தன. முன்னர் 1 அங்குலமாக இருந்த இடைவெளி ஏறத்தாழ 0.8 அங்குலமாகக் குறைக்கப்பட்டதனாலேயே இது கைகூடிற்று. அன்று ஒரு பெட்டிக்குள் மேலும் சில அட்டைகளை அடக்கும் பொருட்டுச் செய்யப்பட்ட இச்சிறு மாற்றம் இன்று வரை நிலைத்துள்ளமை ஈண்டு நோக்கற்பாலது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் எமது மேசைக் கணனிகளின் செருகிடங்கள் அதே இடைவெளியிலேயே அமைந்துள்ளன.

1984 ஆகஸ்டில் ஏ.ரி. மாதிரி வெளிவந்தது. 80286 முறைவழியாக்கியையும் அதற்குத் துணையான பெருந்தொகைச் சில்லுகளையும் தாங்க வேண்டியிருந்தமையால் அதன் பலகை ஏறத்தாழ 12 × 13.8 அங்குலமாகப் பெருத்தது. பின்னர் ஒரு தலைமுறைக் கணனிகள் அனைத்துக்கும் பெயர் கொடுத்த ஏ.ரி. அளவு இதுவேயாகும்.

பின்பற்றலால் விளைந்த நியமம்

ஏ.ரி. அளவை எந்த நியமச் சபையும் வகுக்கவில்லை. ஐ.பி.எம். நிறுவனமும் அதனைப் பிறருக்குரிய நியமமாக வெளியிடவில்லை. பிறர் அதனைப் பார்த்துச் செய்தமையாலேயே அது நியமமாயிற்று. ஐ.பி.எம். தனது கணனியின் மின்சுற்று வரைபடங்களைத் தொழினுட்பக் கைந்நூலில் வெளியிட்டிருந்தது. உறுப்புகளுட் பெரும்பாலானவை வெளிச்சந்தையிற் கிடைத்தன. பதிப்புரிமையாற் காக்கப்பட்டிருந்தது அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு நிரல் ஒன்றே. ஐ.பி.எம். எழுதிய நிரலைக் காணாத பொறியியலாளரைக் கொண்டு அதற்கீடான நிரலொன்றை எழுதுவித்த கொம்பக் நிறுவனம், 1982 நவம்பரில் தனது ஒத்தியல் கணனியை அறிவித்தது. 1984இல் பீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய நிரலைப் பிற நிறுவனங்களுக்கு விற்கத் தொடங்கியது. அதன் பின்னர் கணனி செய்தல் ஒரு நிறுவனத்தின் தனியுரிமையாக இருக்கவில்லை.

இதே காலப்பகுதியில் பல சில்லுகளின் வேலையைச் சில சில்லுகளுள் ஒடுக்கும் முறை வளர்ந்தது. அமெரிக்காவின் சிப்ஸ் அன்ட் ரெக்னொலொஜீஸ் போன்ற நிறுவனங்கள் இதில் முன்னின்றன. பலகை சுருங்க வழி பிறந்தது. பேபி ஏ.ரி. எனப்பட்ட சிறிய பலகை இவ்வாறே தோன்றியது. அதன் அகலம் ஏறத்தாழ 8.5 அங்குலம், நீளம் 13 அங்குலம் வரை. பெரிய ஏ.ரி. பெட்டியின் துளைகளிலேயே இதனைப் பொருத்த முடிந்தது என்பதே இதன் சிறப்பாகும். பழைய பெட்டியை வைத்திருந்தவர் பலகையை மட்டும் மாற்றிப் புதிய கணனிக்கு உரியவரானார். தாய்வானிலே 1980களில் எழுந்த தாய்ப்பலகைத் தொழில் இந்த அளவின் மீதே வளர்ந்தது. ஜிகாபைற், எம்.எஸ்.ஐ. ஆகியன 1986இலும் அசூஸ் 1989இலும் அங்கு தொடங்கப்பட்டவையாகும்.

மூல ஆசிரியனின் தோல்வி

தான் ஆக்கிய அளவு தன் கையை விட்டு நழுவியதைக் கண்ட ஐ.பி.எம்., 1987 ஏப்ரலில் பி.எஸ்./2 என்னும் புதிய கணனி வரிசையை அறிமுகப்படுத்தியது. அதன் உயர்தர மாதிரிகளில் மைக்றோ சனல் எனும் புதிய செருகிட முறை அமைந்திருந்தது. தொழினுட்பத்தில் அது முன்னையதிலும் மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய அட்டைகள் எவையும் அதிற் பொருந்தவில்லை. அதனைப் பயன்படுத்த விரும்பிய பிற நிறுவனங்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 1988 செப்ரெம்பரில் கொம்பக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் கூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் மாற்று முறையொன்றை அறிவித்தன. அம்மாற்று முறையும் பெருவழக்குப் பெறவில்லை. எனினும் மைக்றோ சனல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எல்லைக்குள்ளேயே பெரிதும் ஒடுங்கிற்று. பழைய ஏ.ரி. அளவும் பழைய அட்டைகளும் தொடர்ந்து ஆட்சி செய்தன.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகிறது. நியமம் ஒன்று பரவிய பின்னர் அதனை முதலில் ஆக்கியவர்கூட அதனை விரும்பியவாறு மாற்றிவிட முடியாது. அது பயன்படுத்துவோரின் கைப்பொருளோடு பிணைந்துவிடுகிறது.

1995: ஏ.ரி.எக்ஸ்.

எனினும் பழைமை அனைத்தும் நல்லதன்று. பேபி ஏ.ரி. பலகையின் குறைகள் 1990களில் வெளிப்படையாயின. முறைவழியாக்கி செருகிடங்களுக்கு நேராக அமைந்திருந்தது. பென்ரியம் போன்றவற்றுக்கு வெப்பந்தணிப்பியும் விசிறியும் தேவைப்பட்டபோது, அவை நீண்ட அட்டைகளுக்கு இடையூறாயின. பின்புறத்தில் விசைப்பலகைக்கு மட்டுமே பலகையோடு இணைந்த துளை இருந்தது. ஏனைய இணைப்புகளுக்கெல்லாம் பலகையிலிருந்து நாடா வடங்களை இழுத்துப் பெட்டியிற் பொருத்த வேண்டியிருந்தது.

இவற்றினும் ஆபத்தானது வலு இணைப்பாகும். வலுவழங்கியிலிருந்து ஒரே வடிவினவான இரு செருகிகள் வந்தன. அவற்றை இடம்மாற்றிப் பொருத்தினால் பலகை அழிந்துவிடக்கூடும். இரண்டு செருகிகளினதும் கரிய கம்பிகள் நடுவில் அருகருகே அமைய வேண்டும் என்பதை அக்காலத்துத் திருத்துநர் வாய்ப்பாடு போல மனனஞ் செய்திருந்தனர். பொருளின் அமைப்பே தவற்றைத் தடுக்க வேண்டிய இடத்தில் மனிதரின் ஞாபகம் காவல் நின்றது.

1995 யூலையில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.ரி.எக்ஸ். வரையறை இக்குறைகளுக்கு ஒருங்கே விடை கூறிற்று. பேபி ஏ.ரி. பலகையை ஒரு செங்கோணமளவு திருப்பிவைத்தாற் போன்ற அமைப்பு அது. முறைவழியாக்கி செருகிடங்களின் வழியினின்றும் விலகிற்று. பின்புறத்திலே ஏறத்தாழ 159 × 44 மில்லிமீற்றர் அளவில் ஒரே திறப்பு விடப்பட்டு, இணைப்புத் துளைகள் அனைத்தும் பலகையிலேயே அமைக்கப்பட்டன. பிழையாகச் செருக இயலாத 20 ஊசிச் செருகி ஒன்று பழைய இரு செருகிகளின் இடத்தைப் பிடித்தது. பிரதான மின்சாரத்தை நேரே தடுத்துவிடும் பழைய ஆளிக்குப் பதிலாகப் பலகையே வலுவழங்கியை இயக்கவும் நிறுத்தவும் வழி செய்யப்பட்டது.

ஏ.ரி.எக்ஸ். வந்தபோது பெட்டியும் வலுவழங்கியும் மாற வேண்டியிருந்தன. அவ்வாறாயின் மைக்றோ சனலுக்கு நேர்ந்த கதி இதற்கு ஏன் நேரவில்லை என்ற வினா எழுதல் இயல்பே. இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, செருகிடங்களின் இடைவெளி மாறாமையால் பழைய அட்டைகள் புதிய பலகையிலும் பொருந்தின. இரண்டாவது, வரையறை வெளிப்படையாக வெளியிடப்பட்டமையால் எவரும் அதன்படி பெட்டியும் பலகையும் செய்யக்கூடியதாயிற்று. மூன்றாவது, அது தீர்த்துவைத்த இடர்கள் பலகை செய்வோர், பொருத்துவோர், பயன்படுத்துவோர் ஆகிய அனைவரும் நாளாந்தம் உணர்ந்த இடர்களாகும். அப்போதும் மாற்றம் ஒரு நாளில் நிகழவில்லை. 1990களின் பிற்பகுதியில் இரு வகை வலுச் செருகிகளையும் ஏற்கும் பேபி ஏ.ரி. பலகைகள் விற்கப்பட்டன. பழையதற்கும் புதியதற்கும் இடையே சில ஆண்டுகள் பாலம் இருந்தது.

சுருங்கிய பலகைகள்

ஒரு காலத்தில் தனி அட்டைகளாக இருந்த ஒலி, வலையமைப்பு, தட்டுக் கட்டுப்பாடு முதலியன படிப்படியாகத் தாய்ப்பலகையிலேயே அமைக்கப்பட்டன. செருகிடங்களின் தேவை குறைந்தது. 1997 டிசெம்பரில் இன்ரெல் வெளியிட்ட மைக்றோ ஏ.ரி.எக்ஸ். இதன் விளைவாகும். ஏ.ரி.எக்ஸ். பலகையில் ஏழு செருகிடங்கள் வரை அமையலாம். இதில் நான்கு வரையே அமையும். எனினும் அதன் பின்புறத் திறப்பும் வலுச் செருகியும் பெரிய பலகைக்குரியனவே. துளைகளும் பெரும்பாலும் பெரிய பலகையின் துளைகளோடு ஒத்தவை. ஆதலால் சிறிய பலகை பெரிய பெட்டியிலும் அமர்ந்தது.

2001இல் தாய்வானின் வயா ரெக்னொலொஜீஸ் நிறுவனம் மினி ஐ.ரி.எக்ஸ். அளவை அறிமுகப்படுத்தியது. குறைந்த வலுவிலியங்கும் தனது முறைவழியாக்கிகளுக்குச் சந்தை தேடிய நிறுவனம் அது. 170 மில்லிமீற்றர்ச் சதுரமான அப்பலகையில் ஒரே செருகிடம், நான்கே துளைகள். அந்நான்கும் ஏ.ரி.எக்ஸ். பெட்டியின் துளைகளோடு பொருந்துமாறே அமைக்கப்பட்டன. இன்ரெல் நிறுவனத்தின் போட்டியாளரான வயா, இன்ரெல் வகுத்த துளைகளை மீறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இவற்றோடு ஒப்பிடும்போது எல்.பி.எக்ஸ்., என்.எல்.எக்ஸ். என்பவற்றின் கதை வேறானது. நிமிர்ந்து நிற்கும் இடையட்டை ஒன்றிலேயே பிற அட்டைகளைச் செருகும் முறை இவற்றில் இருந்தது. பெட்டியின் உயரத்தைக் குறைக்க இது உதவிற்று. வெஸ்ரேர்ண் டிஜிற்றல் நிறுவனத்திடமிருந்து 1980களின் பிற்பகுதியில் தோன்றிய எல்.பி.எக்ஸ். முழுமையாக வரையறுக்கப்படாமையால் ஒரு நிறுவனத்தின் பலகை இன்னொன்றின் பெட்டியிற் பொருந்தவில்லை. அதனைச் சீர்செய்ய 1997இல் வந்த என்.எல்.எக்ஸ். சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது.

பி.ரி.எக்ஸ். கற்பித்த பாடம்

ஏ.ரி.எக்ஸ். அளவுக்கு அதனை வகுத்த இன்ரெல் நிறுவனமே பின்னர் மாற்று வகுக்க முயன்றது. 2004இல் வெளிவந்த பிறெஸ்கொற் வகைப் பென்ரியம் 4 முறைவழியாக்கிகளுட் சில 115 வாற்று வரை வெப்பத்தை வெளியிட்டன. இவ்வெப்பத்தை அகற்றும் பொருட்டு, பெட்டியின் முன்புறத்திலிருந்து நேரே காற்று முறைவழியாக்கி மீது வீசுமாறு பலகை முழுவதையும் மாற்றியமைக்கும் பி.ரி.எக்ஸ். வரையறை 2003இல் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டில் சந்தைக்கு வந்தது. டெல், கேற்வே போன்ற பெரிய நிறுவனங்கள் இதனை ஏற்றன. ஆனால் உதிரிப் பாகங்களாக விற்கும் சந்தை அசையவில்லை. பழைய பெட்டியில் புதிய பலகையும் புதிய பெட்டியிற் பழைய பலகையும் பொருந்தாத நிலையில், எவர் முதலில் மாறுவது என்ற தயக்கம் நிலவிற்று.

இதனிடையே இடர் தானாகவே தீர்ந்தது. 2006 யூலையில் வந்த கோர் 2 டுவோ முறைவழியாக்கிகளின் பெரும்பாலான மாதிரிகள் 65 வாற்று அளவிலேயே அமைந்தன. அதே ஆண்டு செப்ரெம்பரில் பி.ரி.எக்ஸ். வளர்ச்சியைக் கைவிடுவதாக இன்ரெல் அறிவித்தது. ஏ.ரி.எக்ஸ். தீர்த்தது யாவருக்கும் பொதுவான இடர். பி.ரி.எக்ஸ். தீர்க்க முனைந்ததோ பெரும்பாலும் ஒரு முறைவழியாக்கிக் குடும்பத்தின் இடர். அக்குடும்பம் மறைந்ததும் தீர்வும் தேவையற்றதாயிற்று. இருபது ஆண்டுகளின் முன்னர் ஐ.பி.எம். கற்ற பாடத்தை இன்ரெலும் கற்க நேர்ந்தது. 2013 ஜனவரியில் மேசைக் கணனித் தாய்ப்பலகைத் தொழிலிலிருந்தே படிப்படியாக விலகுவதாக இன்ரெல் அறிவித்தது. அதன் பலகைகள் போயின. அது வகுத்த துளைகள் நிலைத்தன.

இன்றைய தெரிவு

இவ்வரலாற்றின் துணைகொண்டு தொடக்கத்திற் கண்ட வினாவை மீண்டும் அணுகலாம். மூன்று அளவுகளும் மூன்று வேறு நியமங்களல்ல. ஒரே குடும்பத்தின் மூன்று உறுப்பினர். ஏழு செருகிடங்களின் தேவை பெரும்பாலோருக்கு இன்று இல்லை. வரைவியல் அட்டை ஒன்றும் வேறோர் அட்டையும் போதுமாயின் மைக்றோ ஏ.ரி.எக்ஸ். போதும், விலையும் பொதுவாகக் குறைவு. பல அட்டைகளையும் பல சேமிப்புச் சாதனங்களையும் இணைக்க வேண்டியோருக்கே ஏ.ரி.எக்ஸ். பொருந்தும். மினி ஐ.ரி.எக்ஸ். இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஒரே செருகிடமும் பெரும்பாலும் இரண்டே நினைவகச் செருகிடங்களும் கொண்டமையால் பிற்கால விரிவுக்கு இடம் தராது. சிறியதாயிருந்தும் அது பெரும்பாலும் மைக்றோ ஏ.ரி.எக்ஸ். பலகையிலும் விலை கூடியது.

பெட்டியைத் தெரிவதில் வேறொன்றையும் கருத வேண்டும். ஏ.ரி.எக்ஸ். பெட்டியில் மூன்று பலகைகளும் பொருந்தும். மினி ஐ.ரி.எக்ஸ். அளவுக்கெனச் செய்த பெட்டியில் மற்றவை இரண்டும் பொருந்தா. பலகை சில ஆண்டுகளில் மாறும். பெட்டி நெடுநாள் நிற்கும். ஆகவே பலகை சிறிதாயினும் பெட்டியிற் சற்று இடம் விட்டு வைத்தல் விவேகமாகும்.

இவற்றுக்கெல்லாம் மேலான வினா ஒன்றுண்டு. வாங்கும் பொருள் இக்குடும்பத்தைச் சேர்ந்ததா என்பதே அது. எமது விடுதியில் நண்பர் ஒருவர், அலுவலகமொன்று கழித்துவிட்ட பெயர்பெற்ற நிறுவனக் கணனி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை பாதியில் நிற்கையில் அதன் தாய்ப்பலகை பழுதாயிற்று. வேறு பலகை வாங்கிப் பொருத்தலாமென்று பெட்டியைத் திறந்தபோது, துளைகள் வேறு, பின்புறத் திறப்பு வேறு, வலுச் செருகியும் வேறு எனக் கண்டோம். நல்ல நிலையிலிருந்த பெட்டியும் வலுவழங்கியும் அந்த ஒரு பலகையோடு பயனற்றுப் போயின. வன்தட்டை மட்டும் கழற்றி எடுத்துக் கட்டுரையை மீட்டோம். எமது வீட்டிலோ, தமையனார் வாங்கிய சாதாரணப் பெட்டியொன்றில் இன்று மூன்றாவது தாய்ப்பலகை இயங்குகிறது. நண்பரின் கணனி எமதினும் நன்கு செய்யப்பட்டதே. அதன் குறை தரத்திலன்று, தனிமையிலேயே இருந்தது.

முடிவாகக் கூறுவதாயின், தாய்ப்பலகை அளவுகளின் வரலாறு பெரிதிலிருந்து சிறிதுக்குச் செல்லும் நேர்கோடன்று. பலர் கைக்கொண்ட ஒழுங்கொன்றை மதித்து மாறியவை நிலைத்தமையும், அதனை ஒரே நாளில் ஒதுக்க முனைந்தவை ஒதுங்கியமையுமே அவ்வரலாறாகும். பொது அளவு நிலைக்கும்வரை, பொருள் வசதி குறைந்தவரும் இன்று ஒரு பாகமும் நாளை ஒரு பாகமுமாகத் தம் கணனியைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அவ்வுரிமை அந்தச் சில திருகாணித் துளைகளின் மீதே தங்கியுள்ளது. வாங்குவதற்கு முன்னர் அவற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.